மூன்றாவது பேஸ்

அந்தக் கல்லூரியில் மின்சாரம் சுவிட்சுகளில் மட்டும்தான் இருக்கிறது என்பதை அறிவுமதி முதல் வருஷத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். வகுப்பில் இல்லை, நோட்ஸில் இல்லை, பாடம் நடத்தியவர்களிடம் சுத்தமாக இல்லை. தஞ்சாவூருக்கு வெளியே, மூன்று போகம் விளைந்த நஞ்சையைத் தூர்த்துக் கட்டிய கல்லூரி அது. மழை பெய்தால் எலெக்ட்ரிகல் மிஷின்ஸ் லேபுக்குள் தண்ணீர் நிற்கும். நின்ற தண்ணீரைச் சாக்காக வைத்து லேபைப் பூட்டிவிட்டு, போன வருஷத்துப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டைக் கையில் கொடுப்பார்கள். ரீடிங் எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்து எழுதினால் சோதனை முடிந்தது. ஐந்தாறு வருஷமாக ஒரே மோட்டார் ஒரே வேகத்தில் ஒரே கரன்ட்டை இழுத்துக்கொண்டிருந்தது, நோட்டில்.

திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்தவள் அவள். அவள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள். அப்பா செல்லதுரை ஒரு காலத்தில் ஊர் மிராசுதார் துரைராசு வீட்டுப் பண்ணையில் ஏர் ஓட்டியவர். இப்போது கோயில் நிலம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கரை, குத்தகைக்குப் பிடித்துச் சொந்தமாகச் சாகுபடி செய்கிறார். கொல்லையில் ஒரு போர் கிணறு, அதன் மேல் அஞ்சு ஹெச்.பி. மோட்டார். அந்த மோட்டார் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது புகையும். காயிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு கும்பகோணத்துக்கு ஓடுவார். பயிர் ஒரு வாரம் காயும். அவள் மின் பொறியியல், இ.இ.இ., எடுத்ததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. அது ஏன் எரிகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. நாலு வருஷம் படித்தால் தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தாள்.

அந்த நம்பிக்கை மூன்றாம் வருஷத்தில் ஒரு சப்ஸ்டேஷன் வாசலில் கழன்று விழுந்தது. வகுப்பு மொத்தத்தையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அழைத்துப் போனவர் அன்பரசன் சார். பவர் சிஸ்டம் பாடம் எடுப்பவர். முனைவர் பட்டத்துக்குப் பதிந்து ஏழு வருஷம் ஆகியும் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வராத எரிச்சலை மாணவர்கள் மேல் காட்டுபவர். சரளைக்கல் பரப்பிய முற்றத்தில் நின்று, உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஐசோலேட்டரின் கத்தியைச் சுட்டிக்காட்டி, "இதுதான் சர்க்யூட் பிரேக்கர். ஃபால்ட் வந்தா இது ட்ரிப் ஆகிடும். எழுதிக்குங்க" என்றார். அறுபது பேர் வகுப்பில் அறிவுமதியைத் தவிர எல்லோரும் எழுதினார்கள். பக்கத்தில் நின்ற ஆபரேட்டர், நரைத்த மீசைக்காரர், செருப்பைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

"சார், அது ஐசோலேட்டர். லோடுல அதத் தொறந்தா தொறக்கிற ஆளு கருகிடுவாரு. பிரேக்கர் அந்தாண்ட இருக்கு" என்றாள் அறிவுமதி.

"நீ பாடம் எடுக்கிறியாம்மா?"

"இல்ல சார். தப்பா எழுத மாட்டேன்னு சொல்றேன்."

அந்தப் பருவத்தில் அவளுடைய இன்டர்னல் மார்க் வகுப்பிலேயே கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தது. அவள் போய்க் கேட்கவில்லை. கேட்பதற்கும் அவர் மேல் ஒரு மரியாதை வேண்டுமல்லவா, அது அவளிடம் மிச்சமில்லை. அன்றிலிருந்து அன்பரசன் வகுப்பில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நூலகத்தில் எவரும் தொடாமல் கிடந்த பழைய புத்தகங்களைத் தானே படித்தாள்.

ஆசிரியர்களை மட்டுமா அவள் மதிக்கவில்லை? கூடப் படித்தவர்களையும்தான். எல்லோரையும்விட அதிகமாக வானதியை. வகுப்பில் முதல் ரேங்க் அவள்தான். மயிலாடுதுறைக்காரி. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய சடை, இரண்டு மார்க் கேள்வி-பதில் கட்டு ஒன்று, நான்கு நிறப் பேனா. பஸ்ஸில், கேன்டீனில், பிரேயரில்கூட உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஒரு தடவை லேபில் மல்டிமீட்டரை நீட்டி, "இதுல எந்த வயர் எங்க போவும்?" என்று அறிவுமதியிடமே கேட்டாள். கேட்ட அதே வாரம் மெஷர்மென்ட்ஸ் பாடத்தில் தொண்ணூற்று நான்கு வாங்கினாள். அந்த மார்க் அட்டையைப் பார்த்தபோது அறிவுமதிக்குப் பொறாமை வரவில்லை. அருவருப்புதான் வந்தது.

கடைசி வருஷம் புராஜெக்ட் வந்தது. மூன்று பேர் கொண்ட குழு. அவளோடு ஜெக்கரியாவையும் அப்சரையும் சேர்த்திருந்தார்கள். முதல் நாளே ஜெக்கரியா, திருச்சியில் ஒரு கடை இருப்பதையும், அங்கே புராஜெக்டும் ரிப்போர்ட்டும் வைவாவில் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலும் ஒரே பையில் போட்டுக் கொடுப்பதையும் சொன்னான்.

"சூரியன் திரும்புற பக்கம் பேனல் திரும்பும். மண்ணு காஞ்சா தண்ணி பாயும். எல்.இ.டி. கலர் கலரா எரியும். வேற என்ன வேணும் ஒனக்கு?"

"பேனல் தானா திரும்புதா, நீ திருப்புறியான்னு பாக்கணும்" என்றாள். மறுநாள் துறைத் தலைவரிடம் போய்த் தனியாகச் செய்வதாக எழுதிக் கொடுத்தாள். தொல்லை விட்டது என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

அவள் எடுத்துக்கொண்டது ஊர் மோட்டார்கள். ஒரு டிரான்ஸ்பார்மரில் பதினேழு போர் மோட்டார் ஓடுகிறது, கோடை நெல் நடவு தொடங்கினால் ஒவ்வொன்றாக எரிகிறது, ஏன்? மோட்டாருக்குக் கரன்ட் கொண்டுவரும் மூன்று கம்பிகளிலும், அதாவது மூன்று பேஸிலும், வோல்டேஜை நிமிஷத்துக்கு ஒரு தடவை அளந்து மெமரி கார்டில் எழுதும் பெட்டி ஒன்றைத் தன் கையாலேயே செய்தாள். அப்பாவின் மோட்டார் கொட்டகையில் அதை மாட்டி, மாசி பிறந்ததிலிருந்து நாற்பது நாள் ஓடவிட்டாள். கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டுப் பார்த்தபோது ஒரு பேஸ் காலையில் ஒழுங்காக நின்றது. பத்து மணிக்கு மேல் சரிய ஆரம்பித்து, உச்சி வேளையில் இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்று எழுபதுக்கு விழுந்தது. மூன்று மணிக்கு மேல் மெல்ல ஏறியது. நாற்பது நாளும் அதே கதைதான். ஒரு பேஸ் இப்படி விழுந்தால் மற்ற இரண்டும் கூடுதல் கரன்ட் இழுத்து மோட்டார் காயில் எரியும்.

பத்து மணிக்கு ஊரில் என்ன நடக்கிறது என்று அவள் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. துரைராசுவின் பத்து ஹெச்.பி. மோட்டார்கள் இரண்டும் பத்து மணிக்குத்தான் ஓட ஆரம்பிக்கும். டிரான்ஸ்பார்மருக்கு அடியிலேயே அவர் கொல்லை. அம்மா அம்சவல்லி இருபது வருஷம் நாற்று நட்ட வயல். அப்பாவுக்கு அறுபது நெருங்கியும் "செல்லதுரை, இங்க வாடா" என்று வரப்பிலிருந்து கூப்பிடும் குரல். அனுமதி வாங்கியதைவிடப் பெரிய மோட்டாரை வைத்து, கடைமடையில் இருக்கும் அப்பா கொல்லைக்கு வர வேண்டிய கரன்ட்டை எல்லாம் அவர் இழுத்துக்கொள்கிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சரிந்த பேஸைச் சிவப்பில் பெரிதாக வரைந்தாள். மற்ற இரண்டையும் பின்னிணைப்பில் சிறிதாகப் போட்டாள். ரிப்போர்ட்டின் நான்காம் அத்தியாயத்தில் துரைராசுவின் பெயரை, இணைப்பு எண்ணோடு எழுதினாள். எழுதும்போது விரல்களில் ஒரு சுகம் இருந்தது.

புராஜெக்டின் இரண்டாவது ரிவ்யூவில் வகுப்பு முன்னால் அவள் பேசி முடித்தாள். அன்பரசன் வாட்ஸப்பில் இருந்தார். துறைத் தலைவர் கொட்டாவி விட்டு, "யாராவது கேள்வி கேக்குறீங்களா?" என்றார். யாராவது கேட்டால் கேட்டவருக்கு ஒரு மார்க் உண்டு. அதற்காகவே வானதி கையைத் தூக்கினாள்.

"த்ரீ பேஸ் இண்டக்சன் மோட்டார் பேலன்ஸ்டு லோடு. மூணு பேஸ்லயும் சமமா கரன்ட் எடுக்கும்" என்று ஒப்பித்தாள். "யூனிட் டூ, ஏழாவது கேள்வி. அப்ப அவர் மோட்டார் இழுத்தா மூணு பேஸும்தானே எறங்கணும்? ஏன் ஒண்ணு மட்டும் எறங்குது?"

அறிவுமதி பின்னிணைப்பைப் புரட்டினாள். மற்ற இரண்டு கோடுகளும் நாள் பூராவும் நட்டுவைத்த கம்பு மாதிரி நேராக நின்றன. மோட்டார் மூன்று பேஸிலும் சமமாக இழுக்கும் என்பது அவளுக்கு முதல் வருஷத்திலேயே தெரிந்த விஷயம். வானதிக்கு அதன் அர்த்தம்கூடத் தெரியாது. அவள் ஏற்கெனவே உட்கார்ந்து தன் மார்க் ஏறிவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரியாதவள், ஒப்பித்த ஒரே வரியால் நாற்பது நாள் வேலையின் முதுகெலும்பை உருவிவிட்டாள்.

"பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு அறிவுமதி இறங்கினாள். அன்பரசன் போனிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்த சிரிப்பை அவள் பார்க்கவில்லை என்று நடித்தாள்.

பஸ்ஸில் ஊர் வந்து சேருவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு பேஸ் மட்டும் விழுகிறதென்றால், எங்கோ ஒரு இணைப்பு சூடாகித் தளர்கிறது. காலையில் இரண்டு மூன்று மோட்டார் ஓடும்போது அது தாங்குகிறது. பதினேழும் ஓடும்போது அந்த இடத்திலேயே வோல்டேஜ் கரைந்துபோகிறது. அந்த இடம் எல்லோருக்கும் பொதுவான லைனில் ஏதாவது ஒரு கம்பத்தில் இருக்கலாம், டிரான்ஸ்பார்மரிலேயே இருக்கலாம். டிரான்ஸ்பார்மருக்கு மிக அருகில் இருக்கும் மோட்டாரில் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும், அங்கேயும் விழுந்தால் கோளாறு டிரான்ஸ்பார்மரில்தான். அந்த மோட்டார் துரைராசுவுடையது.

மறுநாள் பதினொரு மணிக்கு மீட்டரை எடுத்துக்கொண்டு போனாள். துரைராசு மோட்டார் கொட்டகைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, துபாயிலிருந்து மகன் அனுப்பிய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, செல்லதுரை மவளா? என்ன சமாச்சாரம்?"

"ஒங்க மோட்டார்ல வோல்டேஜ் பாக்கணுங்க."

"எதுக்கு?"

"காலேஜ்ல புராஜெக்ட்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பாரு. ஆனா ஒண்ணும் ஒடஞ்சிடக் கூடாது."

அவள் ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்து மீட்டர் முனைகளை வைத்தாள். முதல் பேஸ் இருநூற்று இருபத்தாறு. இரண்டாவது இருநூற்று இருபத்தெட்டு. மூன்றாவது நூற்று எழுபத்து மூன்று. இரண்டு தடவை அளந்தாள். மூடியைத் தொட்டால் அனலாகச் சுட்டது.

"ஒங்க மோட்டாரும் எரியுதுங்களா?"

"எரியாம? தையில ஒரு தடவ, போன வாரம் ஒரு தடவ. வெளிய சொல்லல." அவர் குரலைத் தணித்தார். "உங்க ஆளுவதான் லைன் கடைசியில கொக்கி போட்டுக் கரன்ட் எடுக்குறீங்கன்னு நெனச்சேன். ஆபீஸ்ல எழுதிக்கூட குடுத்துட்டேன்."

அறிவுமதி மீட்டரைக் கீழே வைத்தாள். இந்த மனுஷனைத் திருடன் என்று அவள் எழுதியிருக்கிறாள். இந்த மனுஷன் அவள் அப்பாவைத் திருடன் என்று எழுதியிருக்கிறார். இரண்டு பேரும் அடுத்தவர் பக்கம் அளந்து பார்க்காமலே எழுதியிருக்கிறார்கள். அவளிடம் மீட்டர் இருந்தது, அவரிடம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நினைப்பு அவளுக்கு வேப்பெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது.

"நானும் எழுதிட்டேன்" என்றாள். "நீங்கதான் எல்லாத்தையும் இழுக்குறீங்கன்னு. ரிப்போர்ட்ல."

"பேரு போட்டா?"

"பேரு போட்டுத்தான்."

அவர் முகம் கறுத்தது. "அத மொதல்ல அழி."

"அழிச்சிடுவேன். தப்புன்னு தெரிஞ்சதால. நீங்க சொல்றதால இல்ல."

மீட்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். முதுகுக்குப் பின்னால் அவர் ஏதோ சொன்னார். அவள் திரும்பவில்லை.

லைன்மேனைக் கூட்டிவருவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "டெஸ்ட் லாம்ப் போட்டுப் பாத்தாச்சும்மா, மூணும் நல்லா எரியுது" என்று நான்கு நாள் தட்டிக் கழித்தார்.

"எத்தன மணிக்குப் பாத்தீங்க?"

"காலைல எட்டு மணிக்கு."

"உச்சில வந்து பாருங்க."

ஐந்தாம் நாள் உச்சி வெயிலில் வந்தார். லைனை நிறுத்திவிட்டு டிரான்ஸ்பார்மர் மேல் ஏறினார். பிறகு மேலேயிருந்து ஒரு கெட்ட வார்த்தை விழுந்தது. மூன்றாவது பேஸ் கம்பியைப் பொருத்தியிருந்த லக் என்கிற உலோகக் கவ்வி நீலம் பாரித்துக் கருகி, போல்ட் விரலாலேயே சுழன்றது. கம்பியின் புரிகளில் பாதி அறுந்து சாம்பலாகியிருந்தது. புதுசு மாற்ற அவருக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அரை மணி வேலைக்காகத்தான் பதினேழு மோட்டார் வருஷக் கணக்கில் எரிந்துகொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் செல்லதுரை மோட்டாரைப் போட்டார். குழாயில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மகள் பக்கம் திரும்பி, "சத்தமே மாறிப்போச்சு புள்ள" என்றார். வாய்க்காலில் இறங்கி நின்றுகொண்டார். ஊரில் எல்லோரும் லைன்மேனைத்தான் பாராட்டினார்கள். துரைராசு அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்ததாகக் கேள்வி.

அறிவுமதி நான்காம் அத்தியாயத்தை முழுதாகக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினாள். முன்பு மறைத்த இரண்டு கோடுகளையும் அதே அளவில் முன்னால் கொண்டுவந்தாள். நன்றியுரைப் பக்கத்தில் அப்பா, லைன்மேன், துறைத் தலைவர், சம்பிரதாயத்துக்கு அன்பரசன் சார்கூட இருந்தார்கள். வானதி இல்லை. அவள் பெயரை அறிவுமதி இரண்டு தடவை டைப் அடித்தாள். இரண்டு தடவையும் அழித்தாள். அது சின்னத்தனம் என்று தெரிந்தே செய்தாள்.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர், இருபத்தொரு புராஜெக்டையும் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடத் தீர்மானித்திருந்தார். முன்னால் ஒரு தட்டில் வறுத்த முந்திரி இருந்தது. ஜெக்கரியாவின் பேனல் திரும்ப மறுத்தது. அவன் அதை ஊதினான், தட்டினான், கடைசியில் கையாலேயே திருப்பினான். விளக்குகள் மட்டும் எரிந்தன. "வெரி குட், ரெனியூவபிள் எனர்ஜி" என்று எக்ஸ்டர்னல் தொண்ணூற்றிரண்டு போட்டார். அறிவுமதியின் முறை வந்தது. எக்ஸ்டர்னல் ரிப்போர்ட்டைத் திறக்காமலேயே மேசையில் மாடலைத் தேடினார்.

"மாடல் எங்கம்மா? எரியிறது எதுவும் இல்லையா?"

"எங்க ஊர்ல மோட்டார் எரியல சார். அதுதான் அவுட்புட்."

அவருக்கு அது விளங்கவில்லை. அறுபத்தெட்டு போட்டார்.

பிளேஸ்மென்ட் நாளில் அமெரிக்கக்காரர்களின் மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்யும் சென்னைக் கம்பெனி ஒன்று வந்தது. நாற்பது மின் பொறியாளர்களை அள்ளிக்கொண்டு போனது. கல்லூரி வாசலில் நாற்பது முகங்களையும் பெரிய பேனரில் போட்டுக் கட்டினார்கள். அறிவுமதி நேர்காணலுக்கே போகவில்லை. வானதியும் போகவில்லை, அவள் மின்வாரிய உதவிப் பொறியாளர் தேர்வுக்குப் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள். கடைசி நாள் பஸ் ஸ்டாண்டில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. வானதிதான் முதலில் பேசினாள்.

"ஒன் ரிப்போர்ட்ட பாத்தேன். எம் பேரு போட்டிருக்கலாம்ல?"

"நீ புரிஞ்சா கேட்ட?"

"புரியாமத்தான் கேட்டேன்." வானதி கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "ஆனா கேட்டது நான்தானே? புரிஞ்ச நீ ஏன் கேக்கல?"

மயிலாடுதுறை பஸ் வந்தது. வானதி பையைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்ததும் கேள்வி-பதில் கட்டை எடுத்துப் பிரித்தாள். அன்றுவரை அறிவுமதி அவளை ஒரு டேப் ரெக்கார்டராக மட்டுமே நினைத்திருந்தாள். இன்றும் பெரிதாக மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வி அறிவுமதியை விட்டுப் போகவில்லை.

இப்போது அவள் கும்பகோணத்தில் சைபுல்லா என்கிற மின் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறாள். ரைஸ் மில், ஐஸ் பேக்டரி, கல்யாண மண்டபம் என்று அலைந்து வயரிங்கைப் பரிசோதித்துச் சான்றிதழுக்கு அறிக்கை எழுதுவது வேலை. சூப்பர்வைசர் லைசன்சுக்கு வேண்டிய அனுபவ வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. இடையில் அதே உதவிப் பொறியாளர் தேர்வுக்கும் படிக்கிறாள். அதற்கு இரண்டு மார்க் பதில்களை ஒப்பிக்கத்தான் வேண்டியிருக்கிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒப்பிக்கிறாள்.

போன மாதம் ஒரு ரைஸ் மில்லுக்குப் போனபோது முதலாளி பேனாவை எடுத்து நீட்டினார். "கையெழுத்துப் போட்டுட்டு காபி சாப்புடுங்கம்மா. போன தடவ வந்த இன்ஜினியர் எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிட்டுத்தான் போனாரு."

ஷாக் அடிக்காமல் காக்கும் எர்த் கம்பி மண்ணோடு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று அவள் அளந்தாள். மீட்டர் முள் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கோ போய் நின்றது. முதல் நினைப்பு அந்த இன்ஜினியரைப் பற்றித்தான், அதுவும் நல்ல நினைப்பு இல்லை. அதை ஒதுக்கிவிட்டு மீட்டர் கம்பிகளை இடம் மாற்றி நட்டு மறுபடி அளந்தாள். மூன்றாம் தடவையும் அளந்தாள். பிறகு ஆளை விட்டு எர்த் குழியைத் தோண்டச் சொன்னாள். மில் முதலாளி சைபுல்லாவுக்குப் போன் போட்டு, எங்கிருந்து பிடித்தீர்கள் இந்தப் பெண்ணை என்று கத்தினார். சைபுல்லா என்ன சொன்னாரோ, முதலாளி போனை வைத்துவிட்டு வந்து குழிக்குப் பக்கத்தில் நின்றார்.

இரண்டடி ஆழத்தில் கம்பி முடிந்துபோயிருந்தது. கீழே குழாயும் இல்லை, தகடும் இல்லை, வெறும் மண். மூட்டை தூக்கும் நாற்பது பேர் தினமும் தொடும் மிஷின்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

"ஏங்க, இதுக்கா சரின்னு எழுதிட்டுப் போனான்?" என்றார் முதலாளி.

"அவருக்கு அளக்காம எழுதத் தெரிஞ்சிருக்குங்க" என்றாள் அறிவுமதி. மில்லை நிறுத்தச் சொல்லிவிட்டு, படிவத்தில் மீட்டர் காட்டிய எண்ணை அப்படியே எழுத உட்கார்ந்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது.